மூன்றாவது கொட்டாப்புளி

சொல்லிவிடத்தான் வேண்டும், இன்று சொல்லிவிடத்தான் வேண்டும், யாரிடம் முதலில் என்பதுதான் தெரியவில்லை, புருஷனிடமா பெண்சாதியிடமா, இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துச் சொன்னால் என்ன, சொன்னால் தேசம்மா அழுவாள், மரியசெல்வம் சிரிப்பான், இல்லாவிட்டால் அவன் அழுவான், அவள் வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், எது நடந்தாலும் இந்தத் துணிமூட்டையோடு நடுவில் நிற்கப்போவது தான்தான்... ஷரஃபுதீன் வாலாஜா மசூதியின் படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கமாகத் திரும்பினார். பிற்பகல் அஸர் தொழுகையில் மனம் நிற்கவில்லை. நெற்றி தரையில் பட்டபோதுகூட, மூட்டையைச் செருப்போடு வைத்துவிட்டு வந்தோமே, யாராவது பிரித்துப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றுதான் ஓடியது. என்ன நினைக்கப் போகிறார்கள், ஒரு கொட்டாப்புளி, உளியின் தலையில் தட்டுகிற மரச்சுத்தி, தச்சுவேலை நடக்கிற எந்த இடத்திலும் கிடக்கிற சாமான். ஆனால் கையில் எடுத்தால் திடுக்கிடுவார்கள். பார்வைக்குப் புளியங்கட்டை மாதிரி கருத்து, திரண்டு, கனத்துத் தெரிகிற பொருள் கையோடு ஒன்றுமே இல்லாமல் எழும்பி வரும். அப்படி ஒரு முறை அவர் கைகளுக்கு நேர்ந்திருக்கிறது. நோயில் கிடந்த மனைவி அன்வரியைக் கட்டிலிலிருந்து தூக்கி ஜன்னலோரம் படுக்க வைத்த அன்றைக்கு, பலத்தைக் கூட்டிக்கொண்டு தூக்கியவருக்கு, பலத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று... வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், முதலில் இந்த இரண்டு பேருக்கும் என்ன சொல்வதென்று பார்க்கலாம்.

ஐஸ் ஹவுஸைத் தாண்டியதும் காற்று முகத்தில் வந்து மோதியது. ஆனி மாதத்து வெயில் இன்னும் இறங்கவில்லை, ஆனால் கடற்காற்று வந்துவிட்டால் இந்த ஊரில் பாதி வெயில் செத்துப்போகும். அவர் தொழில் கடைசல். காலால் மிதித்துச் சுழற்றுகிற கடைசல் எந்திரத்தில் கட்டில்கால், தொட்டில்கம்பம், ஊஞ்சல் குமிழ் எல்லாம் கடைந்து கொடுப்பார். ஆனால் மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் உள்ள சிற்பவேலைக்காரர்கள் அவரைத் தேடி வருவது கொட்டாப்புளிக்காகத்தான். இரும்புச் சுத்தியல் பட்டால் உளியின் பிடி பிளந்துவிடும், வேலைப்பாட்டு மரமும் அதிர்ந்துபோகும், மரத்துக்கு மரம்தான் சரி. வருகிறவன் கையைப் பிடித்துப் பார்ப்பார், உள்ளங்கை அகலம், மணிக்கட்டின் பருமன், நிற்கும்போது எந்தத் தோள் தாழ்கிறது, அதற்குத் தகுந்தாற்போல் தலையின் கனமும் பிடியின் நீளமும். மரியசெல்வத்துக்குக் கல்யாணமான புதிதில் கடைந்து கொடுத்தது புளியமரத்தின் வைரம். மார்கழிப் புயலில் சாய்ந்த மரம், அதன் நடுக்கட்டையை நிழலில் உலர்த்தி உலர்த்தி, பொறுமை போய்ப் பொறுமை வந்து, கடைசியில் எந்திரத்தில் ஏற்றியபோது உளியிலிருந்து பொறி பறக்காத குறை. அதை வாங்கி, பட்டறையிலேயே ஒரு துண்டுக் கட்டையில் உளியை வைத்து ஓங்கி இரண்டு அடி அடித்தான் பயல். உள்ளே இருந்த அன்வரி என்னவோ உடைந்துவிட்டதென்று திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கேட்டாள். ஒன்றும் உடையவில்லை, ஒருத்தனுக்குச் சந்தோஷம், என்றார் அவர். அன்றிலிருந்து இரட்டை அடியாகத்தான் அடிப்பான் மரியசெல்வம், டொக் டொக் என்று இரண்டு, பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம், மறுபடி இரண்டு. சாந்தோமில் எத்தனை வீட்டில் எத்தனை சத்தம் கேட்டாலும் அது தன்னுடைய கட்டை, தன்னுடைய சிநேகிதன் என்று ஷரஃபுதீனுக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் தேசம்மா வந்தாள். திருவல்லிக்கேணியில் மீன் விற்றுவிட்டு, காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உள்ளே வராமல் தாழ்வாரத்தின் விளிம்பில் நின்றாள், முதுகில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. "பாய், அவருக்கு கை சரியா இல்ல," என்றாள். "கொட்டாப்புளி நழுவி நழுவி வுழுது. எடுத்து எடுத்து அடிக்கிறாரு. நான் பாக்கலன்னு நெனச்சிக்கினு கைய தொடையில வச்சி தேச்சிக்கினு கீறாரு." வைத்தியரிடம் காட்டினாயா என்று கேட்டதற்கு, காட்டியாயிற்று என்றாள், நரம்பு செத்துக்கொண்டே வருகிறதாம், இனி திரும்பாதாம், அதை வைத்தியர் இவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாராம். "அவருகிட்ட நான் சொல்லல. தன் கை போவுதுன்னு தெரிஞ்சா அவரு அன்னிக்கே பூடுவாரு பாய். நீ இன்னா பண்றே, பாக்கறதுக்கு அதே மாதிரி, ஆனா லேசா ஒண்ணு பண்ணிக் குடு. பழசு விரிசல் உட்டுடுச்சின்னு சொல்லி நான் எடுத்து வச்சிடறேன். கை கொஞ்சம் தேறிடுச்சின்னு அவரு நெனச்சிக்கட்டும்." அவர் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மா, இது நடக்கிற காரியமில்லை, அந்தக் கனத்தைப் பிடித்துப் பிடித்துப் பழகின கையை எந்தச் சாயம் ஏமாற்றும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அவள் நின்ற மாதிரி அப்படி. தூணைப் பிடித்துக்கொண்டு, அழாமல், ஏதோ ஒரு கட்டில்கால் பேரம் பேசுகிறவள் மாதிரி. அந்த மாதிரி நிற்கிறவர்களைப் பார்த்தால் ஷரஃபுதீனுக்கு நாக்கு எழுவதில்லை, அவரே ஒரு காலத்தில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படித்தான் நின்றார்.

பூவரசங்கட்டையில் கடைந்தார். கடுக்காய்த் தண்ணீரில் இரும்புத்துருவை ஊறவைத்து, பூசி, காய வைத்து, மறுபடி பூசி, எண்ணெய் தேய்த்து, புளியின் நிறத்துக்குக் கொண்டுவந்தார். பிடி தேய்ந்த இடத்தைக்கூடப் பழசில் இருந்தபடியே தேய்த்தார். செய்து முடித்தபோது அதைப் பார்க்க அவருக்கே பயமாக இருந்தது, இத்தனை நேர்த்தியாக ஒரு பொய்யைக் கடைய முடியுமா... தேசம்மா கூடையில் வைத்து மேலே சாக்கைப் போட்டு எடுத்துப் போனாள். பிறகு பல நாள் அவளும் வரவில்லை, அவனும் வரவில்லை. சாந்தோம் பக்கம் போகிற வேலை வந்தபோதும் அவர் போகவில்லை, அந்தச் சந்தின் முனையில் நின்றால் சத்தம் கேட்டுவிடுமே, அது தான் செய்த கட்டையின் சத்தமாக இருக்குமே என்ற பயம்.

பிறகு ஒருநாள் மரியசெல்வம் வந்தான். கடற்கரையோடு நடந்தே வந்திருந்தான், வலது கையைத் துண்டுக்குள் சுற்றி, எதையோ பத்திரமாக எடுத்து வருகிறவன் மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கிற சதை வற்றிக் குழிந்திருந்தது, குழந்தை கடித்துவிட்டுப் போட்ட பழம் மாதிரி. உட்கார்ந்தவன் பீடி பற்றவைத்தான், இடது கையால். "பாய், அது பூவரசு," என்றான்.

"எது?"

"நீ தேசம்மா கிட்ட குடுத்து உட்டது. மொத அடியிலயே தெரிஞ்சிட்டுது. புளி பேசும் பாய், இது மொணங்குது."

ஷரஃபுதீன் எந்திரத்தை நிறுத்தினார், மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவன் கையமர்த்தினான். கோபமில்லை என்றான், கோபம் இன்னாத்துக்கு என்றான். "அவ வெளிய குந்திக்கினு மீனு செதில் எடுத்துக்கினே நான் அடிக்கிறத கேட்டுக்கினு கீறா. சத்தம் வந்துக்கினே இருந்தா அவ மூஞ்சி ஒரு மாதிரி அடங்கிப் போவுது. அத்த நான் கெடுக்கணுமா? என்னை ஏமாத்திட்டோம்னு அவளுக்கு ஒரு நிம்மதி, இருந்துட்டுப் போவட்டும். இன்னும் கொஞ்ச நாள்ல பூவரசும் தூக்க முடியாது. அவ மறுபடி உன்கிட்ட வருவா. அப்போ இத்த விட லேசா ஒண்ணு பண்ணிக் குடு. நான் வந்து போனத மட்டும் சொல்லாத." மீனவர் குப்பத்துக் கோயிலுக்கு ஒரு சுரூபம், மரச்சிலை, செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தான், தோளில் வலை போட்டுக்கொண்டு நிற்கிற, மீன்பிடிக்கிறவர்களின் புனிதர் இராயப்பர், கரை ஒதுங்கிய ஒரு தேக்குக்கட்டையைக் குப்பத்து ஜனங்கள் மணலில் புதைத்துக் காப்பாற்றி இவனிடம் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஆள் முடிந்துவிட்டது, முகம் முடிந்துவிட்டது, வலைதான் பாக்கி என்றான். வலையில் முடிச்சு முடிச்சாகச் செதுக்க வேண்டும், செதுக்காமல் கோடு கிழித்துவிட்டுப் போனால் மீன்பிடிக்கிறவன் சிரிப்பான் என்றான். பீடியை அணைத்துவிட்டு எழுந்து போனான். அவன் சொன்னபடியே அவளும் வந்தாள். அதே தூண், அதே நிற்பு. "இன்னும் லேசா வேணும் பாய். அவருக்கு இன்னும் தெரியாது," என்றாள்.

அப்படித்தான் இந்த மூன்றாவது. பழைய கட்டுமரத்திலிருந்து கழற்றிப்போட்ட ஒரு துண்டைக் குப்பத்தில் கேட்டு வாங்கினார். தண்ணீரில் மிதப்பதற்கென்றே பிறந்த மரம், எந்திரத்தில் ஏற்றினால் வெண்ணெய் மாதிரி வழிந்து போகிறது, சுருள் சுருளாக வராமல் தூளாக உதிர்கிறது. இதை வைத்து ஒருவன் தேக்கில் வலை முடிச்சு செதுக்க முடியுமா, அடித்தால் கொட்டாப்புளிதான் நசுங்கும். ஆக இது வேலைக்கில்லை, சத்தத்துக்கு மட்டும். அவள் கேட்பதற்காக அவன் அடிப்பான், அவன் அடிப்பதற்காக அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாயம் பூசிக்கொண்டிருப்பது யார்... குவீன் மேரீஸ் காலேஜ் மதிலோரம் ஒரு ஜட்கா அவரை உரசிக்கொண்டு போயிற்று, வண்டிக்காரன் ஏதோ கத்தினான், காதில் விழவில்லை. எல்லாம் ஏற்கெனவே நடந்த மாதிரி இருந்தது. நடந்ததுதானே. அவர் வீட்டிலேயே நடந்ததுதானே.

க்ஷயம் என்று டாக்டர் வராந்தாவில் வைத்துச் சொன்னார், முற்றிவிட்டது என்றார். உள்ளே வந்து அன்வரி பேகத்திடம், நெஞ்சுச்சளிதானாம், குளிர் போனால் சரியாகிவிடுமாம் என்று அவர் சொன்னார். அவள் அப்படியா என்றாள், சிரித்தாள்கூட. அதற்கப்புறம் ஒரு காலை, அவர் விழித்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தபோது, அவள் முற்றத்தில் குந்தி ஒரு துணியைக் கசக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார், தண்ணீர் சிவப்பாக ஓடிச் சாக்கடையில் விழுந்தது, அவள் திரும்பி அவர் படுத்திருந்த பக்கம் பார்த்தாள், அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. குளிர் போயிற்று, அவள் எழுந்திருக்கவில்லை. கடைசிவரைக்கும் அந்த வீட்டில் சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருந்தது, கத்தரிக்காய் விலை, பக்கத்து வீட்டு நிக்காஹ், ரம்ஜானுக்கு என்ன துணி எடுப்பது... அவள் அடக்கமாகிப் பல வருஷமான பிறகும் இரவல் வாங்கிய சாமான் திருப்பித் தராமல் கிடக்கிற மாதிரி அந்த வார்த்தைகள் நெஞ்சில் கிடக்கின்றன. நீ போகப்போகிறாய் என்று எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை, எனக்கும் தெரியும் என்று ஒரு வார்த்தை, அவ்வளவு சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம், குறைந்தபட்சம் அழுதிருக்கலாம். அதனால்தான் இன்றைக்கு வந்தது வரட்டும் என்று கிளம்பினார். தேசம்மா, அவனுக்கு முதல் அடியிலேயே தெரியும். செல்வம், அவளிடம் வைத்தியர் எல்லாம் சொல்லியாயிற்று. நீங்கள் இரண்டு பேரும் என்னை வைத்து ஒளிந்து விளையாடியது போதும், பேசுங்கள், காலம் இருக்கும்போதே பேசுங்கள்... இப்படி ஆரம்பிக்கலாமா? ஒளிந்து விளையாடியது என்பது வேண்டாம், அது குத்தும். சும்மா உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, பிறகு மூட்டையைப் பிரித்து நடுவில் வைத்து, இது எதற்கு என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டால்?

சாந்தோம் கோயிலின் கோபுர ஊசி தென்னை மரங்களுக்கு மேலே தெரிந்தது. சாலையை விட்டுக் கடல் பக்கமாக இறங்கும் சந்தில் திரும்பினார், வலை உலர்த்தியிருந்தார்கள், கருவாட்டு வாசனை. திடீரென்று கால் நின்றது. சத்தம் கேட்டது. டொக். பூவரசு இல்லை, இது புளி, அவருடைய புளி, அந்த வைரம், அதன் தொண்டையை அவர் எங்கேயும் அடையாளம் கண்டுகொள்வார். டொக். முழுக் கனத்தோடு, மேலேயிருந்து நேராக வந்து விழுகிற அடி. கை திரும்பிவிட்டதா? வைத்தியன் சொன்னது பொய்யா, அல்லாஹ் கண் திறந்தானா, குப்பத்து இராயப்பர்தான் திறந்தாரா, யாராக இருந்தால் என்ன, அந்தக் கை மறுபடி புளியைத் தூக்குகிறது. ஷரஃபுதீன் கிட்டத்தட்ட ஓடினார். ஓடும்போதுதான் மனதின் ஒரு மூலையில், ஏன் ஒற்றை அடியாக விழுகிறது, அவனுடையது இரட்டை அடியாயிற்றே என்று உறுத்தியது, உறுத்தலை மிதித்துக்கொண்டே போனார்.

வீட்டை ஒட்டிய ஓலைக்கொட்டகையின் வாசலில் நின்றார். இராயப்பர் இரண்டு பலகைகள்மேல் மல்லாந்து கிடந்தார், கண் கூரையைப் பார்த்தபடி. மரியசெல்வம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கை மடியில் கிடந்தது, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மாதிரி. இடது கையில் உளி. எதிரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேசம்மா குந்தியிருந்தாள், இரண்டு கையாலும் புளியங்கொட்டாப்புளியைப் பிடித்துக்கொண்டு. அவன் உளியைச் சாய்த்து வலையின்மேல் வைத்து "ம்" என்றான். அவள் அடித்தாள். டொக். அவன் உளியை ஒரு நூல் திருப்பினான். "ம்." அவள் அடித்தாள். மீன்கூடையைத் தலையில் சுமந்து சுமந்து இறுகின தோள், அடி தடுமாறவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, இரண்டு பேர் கண்ணும் உளியின் நுனியில் இருந்தது. ஒரு சில்லு தெறித்து ஷரஃபுதீன் காலடியில் வந்து விழுந்தது.

மரியசெல்வம்தான் முதலில் பார்த்தான். "பாய், வா வா. அங்கயே இன்னாத்துக்கு நிக்கற."

தேசம்மா திரும்பினாள். கையிலிருந்ததை மறைக்கவில்லை, கீழே வைக்கவும் இல்லை. "குந்து பாய். இந்த ஒரு முடிச்சு முடிச்சிட்டு தண்ணி தரேன்," என்றாள். அந்த முடிச்சு முடிகிறவரைக்கும் அவர் உட்கார்ந்திருந்தார். அவனுடைய இடது கைப் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது, அவர் அதைப் பார்ப்பதை அவன் பார்த்தான். "மொத நாளு நசுக்கிட்டா," என்றான். "சுறா மண்டைய அடிக்கிற மாதிரி ஓங்கி உட்டா ஒண்ணு."

"நசுக்கினேன், நீ கத்தலியே," என்றாள் அவள்.

"எங்க கத்தறது. கத்தினா நிறுத்திடுவே." அவன் சிரித்தான், அவளும் உதட்டை மடித்துக்கொண்டு சிரித்தாள். வழி முழுக்க மனதில் கோத்துக்கொண்டு வந்த வாக்கியங்களை இந்தச் சிரிப்புக்கு நடுவில் எங்கே வைப்பது. கையில் இன்னா என்று மரியசெல்வம் கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது, ஆனால் கை பிரித்துவிட்டது. அவன் உளியைக் கீழே வைத்துவிட்டு இடது கையால் அதை வாங்கினான், தூக்கினான், இறக்கினான், புருவத்தை உயர்த்தினான். "கட்டுமரமா?" என்றான். அவர் தலையாட்டினார். "இது மெதக்கும் பாய்," என்றான், தேசம்மாவிடம் நீட்டினான். அவள் வாங்கி எடை பார்த்து, ஒரு கணம் ஷரஃபுதீனைப் பார்த்தாள், கோபமாகவோ வெட்கமாகவோ இல்லை, தெரிந்த ஒருவரைத் தெருவில் பார்க்கிற மாதிரி. பிறகு அதைச் சுரூபத்தின் காலடியில் பத்திரமாகச் சாய்த்து வைத்தாள். "நல்லாத்தான் பண்ணிக்கீறே," என்றாள். "இருக்கட்டும்." அவர் கடைந்ததிலேயே மோசமான கட்டைக்கு அவருக்குக் கிடைத்த மரியாதை அது. அப்போதுதான் அவன் மறுபடி உளியை எடுப்பதைப் பார்த்தார். இடது கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில், துணிச் சுற்றுக்குக் கீழே, ஒரு சின்னக் குழி. வெளிச்சத்தினால் அப்படித் தெரிகிறதா? இல்லை, கையைப் பார்த்துப் பார்த்துத்தானே அவர் பிழைக்கிறார், அது குழிதான், வலது கையில் ஆரம்பித்த அதே இடம். இவளுக்குத் தெரியுமா, தினம் அந்த விரலுக்குத் துணி மாற்றிக் கட்டுகிறவள் இவள்தானே, தெரியாமல் இருக்குமா...

அவள் தண்ணீர் எடுக்க வீட்டுக்குள் போனபோது அவர் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றார். செம்பை வாங்கிக்கொண்டு, குடிக்காமல், குரலைத் தாழ்த்தி, "எப்ப சொன்னே அவன்கிட்ட?" என்று கேட்டார்.

"இன்னாத்த?"

"கையப் பத்தி. வைத்தியர் சொன்னத."

"சொல்லலியே பாய்," என்றாள் தேசம்மா, அந்தக் கேள்வி அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது போலிருந்தது. "அவரும் ஒண்ணும் கேக்கல. அன்னிக்கு உளிய வச்சிக்கினு குந்திக்கினே இருந்தாரு, சத்தம் வரல. நான் வெளிய செதில் எடுத்துக்கினு இருந்தேன். வரும் வரும்னு பாத்தேன், வரல. எழுந்து போயி பழச தேடி எடுத்தாந்து எதுர்ல குந்தினேன். அவரு உளிய என் பக்கமா நவுத்தி வச்சாரு. அவ்ளோதான்."

"ஒண்ணுமே பேசிக்கலியா?"

"இன்னாத்த பேசறது," என்றாள். பிறகு, அவர் முகத்தில் எதையோ பார்த்தவள் மாதிரி, "தண்ணிய குடி பாய், வெய்யில்ல வந்துக்கீறே," என்றாள்.

குடித்தார். வருகிறேன் என்றார். வெயில் தாழட்டும் இருந்துவிட்டுப் போ என்று மரியசெல்வம் சொன்னான், இராயப்பர் திருநாளுக்கு வந்துவிடு, உனக்கு மீன் எடுத்து வைக்கிறோம் என்றான். அவர் சந்தைத் தாண்டுவதற்குள் பின்னால் சத்தம் ஆரம்பித்துவிட்டது, ஒற்றை அடி, இடைவெளி, ஒற்றை அடி. இடைவெளியில் அவனுடைய "ம்" இருக்கும், இங்கிருந்து கேட்காது. வெறுங்கையாகச் சாலைக்கு ஏறினார், துணி மட்டும் தோளில். மனதுக்கு நிம்மதியாக இருக்க வேண்டும், இல்லை. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, வார்த்தையே இல்லாமல் முடிந்துவிட்டது என்றால், இத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தைதான் குறை என்று அவர் அழுதுகொண்டிருந்தது எதற்காக? சொல்லாததுதான் குற்றம் என்று இருந்தோமே, அது இல்லையா, அப்படியானால் எது... எழுந்து போய் எதிரில் குந்தவில்லை, அதுவா? ஆனால் நகர்த்தி வைக்க அன்வரியிடம் உளி ஒன்றும் இல்லையே, இல்லை, அவள் எதையாவது நகர்த்தி வைத்து, நான்தான் பார்க்காமல் விட்டேனா?

கடல் பக்கத்தில் கட்டுமரங்களை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஏலேலோ என்று குரல் எழும்பி அடங்கியது. அப்போதுதான் அது வந்தது, எங்கே கிடந்ததோ, இத்தனை நாளும் நினைவில் வராத ஒரு மதியம். அன்வரி படுக்கையோடு ஆகிவிட்ட பிறகு. பட்டறையில் யாரும் இல்லை, தொட்டில்கம்பம் ஒன்று கடைந்துகொண்டிருந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் நடந்து வந்தாள், திரையை விலக்கிக்கொண்டு பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டாள், பகலில் ஒருநாளும் வராதவள். பக்கத்தில் வந்து நின்றாள், அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள், பிறகு ஒரு காலைத் தூக்கி எந்திரத்தின் மிதிபலகையில், அவர் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு மிதி, மூன்று மிதி, கூடவே மிதித்தாள். விளையாட்டு என்றுதான் அவர் நினைத்தார். மரத்தூள் நெஞ்சுக்கு ஆகாது, போய்ப் படு, இன்னும் கொஞ்ச நாளில் எழுந்து நீயே எல்லாம் செய்யப்போகிறாய் என்று சொல்லிக்கொண்டே, குனிந்து அந்தக் காலைப் பலகையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். ஐஸ் மாதிரி இருந்தது, அந்தச் சில்லிப்பு இப்போது விரலுக்கு வந்தது. அவள் ஏதோ சொன்னாள். உதடு அசைந்ததைப் பார்த்தார், எந்திரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, சத்தத்தில் கேட்கவில்லை. நிறுத்தி, என்ன என்று கேட்டிருக்கலாம். கம்பம் பாதியில் இருந்தது, நிறுத்தினால் மரத்தில் வளையத் தழும்பு விழுந்துவிடும், தலையை மட்டும் ஆட்டினார். அவளும் தலையாட்டிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஷரஃபுதீன் நடப்பதை நிறுத்திவிட்டு மதில் ஓரமாக நின்றார். அந்த உதடுகளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார், அவர்கள் வீட்டில் பேசுகிற உருதுவில் அது சின்ன வார்த்தையாகத்தான் இருந்திருக்க வேண்டும், வாய் ஒரு தடவைதான் திறந்து மூடியது, இரு என்றாளா, வா என்றாளா, இல்லை, அவர் காலை எடுத்த விதத்துக்கு வெறும் சரி என்றுதான் சொன்னாளா...